எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்லை

நாலு மாசமா ட்ராஃப்ட்லயே கிடந்த பதிவு இது. நாலு பாரா எழுதுவேன், ரெண்டு பாரா அழிப்பேன், மூடி வச்சிட்டுப் போயிடுவேன். பிரியாணி, சிறுமலை பைக் பயணம், இளையராஜா பாட்டுன்னு மொக்கை போட்டுக்கிட்டு இருந்த இடத்துல வீட்டு விஷயத்தைக் கொண்டு வந்து கொட்டணுமான்னு ஒரு தயக்கம். கடைசியில தங்கமணிதான், "எழுதுங்க. நாம முழிச்சுக்கிட்டு நின்னப்ப யாராவது இப்படி எழுதி வச்சிருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்"ன்னு சொன்னாங்க. ஜூனியர் பேரையும் ஸ்கூல் பேரையும் போடக்கூடாதுங்கறது மட்டும் கண்டிஷன். கொஞ்சம் பெரிய பதிவு. காபியோட உக்காருங்க.

ஜூனியருக்கு வயசு எட்டு. மூணாம் கிளாஸ். நடக்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து அவன் நடந்து நான் பார்த்ததில்லை, ஓட்டம்தான். சோறு ஒரு வாய் வாங்கிட்டு அங்கிட்டு ஓடுவான், அடுத்த வாய்க்கு இங்கிட்டு வருவான். "பையன் துறுதுறுன்னு இருக்கான், நல்லதுதானே"ன்னு எல்லாரும் சொன்னாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

ஒண்ணாங் கிளாஸ்ல ஆரம்பிச்சது டைரி. சிவப்பு மையில தினம் ஒரு வரி. எடத்துல உக்கார மாட்டேங்கறான். போர்டைப் பார்த்து எழுத மாட்டேங்கறான். கேள்வி முடியறதுக்குள்ள பதில் கத்துறான். வாட்டர் பாட்டில் இந்த மாசத்துல மூணாவது. பக்கத்துப் பையன் பென்சிலை உடைச்சிட்டான். மூணாங் கிளாஸ் வந்ததும் கூப்பிட்டு, "வேற ஸ்கூல் ஏதாவது பாருங்களேன் சார்"ன்னு மரியாதையா சொல்லிட்டாங்க.

அதைக்கூடத் தாங்கிக்கிட்டேன். தாங்க முடியாதது வேற ஒண்ணு. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ரோட்டைக் கடக்க நிக்கிறோம். அவன் கை என் கைக்குள்ளதான் இருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு நாய்க்குட்டி. அவ்வளவுதான், கையை உருவிக்கிட்டு ஓடிட்டான். லாரிக்காரர் போட்ட பிரேக் சத்தம் இன்னிக்கும் தூக்கத்துல கேட்குது. பையனுக்கு ஒரு கீறல் இல்ல. நான் ஓடிப்போய்த் தூக்கி, பொது இடம்னுகூடப் பார்க்காம, அடிச்சேன். ஒரு அடி இல்ல. பூக்காரம்மா ஒருத்தங்க வந்து என் கையைப் பிடிச்சு நிறுத்துற வரைக்கும் அடிச்சேன்.

அன்னிக்கு ராத்திரி படுக்கையில கேட்டான்: "ஓடக்கூடாதுன்னு எனக்குத் தெரியும்ப்பா. ஆனா தெரியறதுக்குள்ள கால் ஓடிருது. நான் ஏம்ப்பா இப்படி இருக்கேன்?"

எட்டு வயசுப் பையன் கேட்கற கேள்வியா இது? என்கிட்ட பதில் இல்ல.

ஆனா வீட்டுல பதில் வச்சிருந்தவங்க நிறைய பேரு. முதல்ல எங்க அம்மா. "எங்க வம்சத்துல இப்படி ஒண்ணு பொறந்ததில்லை." இந்த ஒரு வரியை அவங்க எத்தனை தடவை சொல்லியிருப்பாங்கன்னு கணக்கு வச்சா கால்குலேட்டர் பத்தாது. தங்கமணி வத்தலக்குண்டு. அசல். "சொந்தத்துல எடுத்திருந்தா இப்படி ஆயிருக்குமா"ங்கறது அடுத்த வரி. அத்தை ஒருத்தங்க குலதெய்வத்துக்கு செய்ய வேண்டியது பாக்கி இருக்குன்னாங்க. மாமா ஒருத்தர் சாக்லேட்டை நிறுத்துன்னார். பக்கத்து வீட்டுக்காரர் செல்போன்னார். கையில மந்திரிச்ச கயிறு மூணு ஏறுச்சு. மூணையும் ஒரே வாரத்துல ஜூனியர் தொலைச்சிட்டான் :-)

தங்கமணி எதுக்கும் பதில் பேசலை. ஆனா ஒரு நாள் அடுப்படியில நின்னுக்கிட்டு, "ஏழாம் மாசம் வரைக்கும் பஸ்ல வேலைக்குப் போய் வந்தேனே, அதனால இருக்குமோ?"ன்னு கேட்டாங்க. எட்டு வருஷமா அந்தக் கேள்வியை மனசுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்திருக்காங்க. நான் அதுக்கும், "தெரியலையே"ன்னுதான் சொன்னேன். "இல்ல"ன்னு சொல்லியிருக்கணும். இதையும் இங்க எழுதி வச்சுடறேன்.

நண்பர் ஒருத்தர் சொல்லி, மதுரையில குழந்தைகளைப் பார்க்கிற மனநல மருத்துவர் ஒருத்தங்ககிட்ட போனோம். "பைத்தியத்துக்குப் பார்க்கிற டாக்டர்கிட்டயா"ன்னு அம்மா ரெண்டு நாள் சாப்பிடலை. அறுபது கிலோமீட்டர் பஸ்ல ஜூனியரை உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனதே தனிப்பதிவா எழுதலாம். டாக்டரம்மா அவசரப்படலை. ரெண்டு, மூணு தடவை வரச் சொன்னாங்க. எங்களுக்கு ஒரு கேள்வித்தாள், ஸ்கூல் மிஸ்ஸுக்கு ஒரு கேள்வித்தாள். காது, கண், தூக்கம், வலிப்பு, தைராய்டுன்னு வேற காரணம் இருக்கான்னு பார்த்தாங்க. வீட்டுல மட்டும் சேட்டையா, ஸ்கூல்லயும் உண்டா, ஆறு மாசத்துக்கு மேல இருக்கான்னு கேட்டாங்க. ஒரே இடத்துல மட்டும் இருந்தா இந்தப் பேரை வைக்க மாட்டாங்களாம். பன்னிரண்டு வயசுக்கு முன்னாடியே அறிகுறிகள் ஆரம்பிச்சிருக்கணுமாம். 2013-க்கு முன்னாடி அந்த எல்லை ஏழு வயசா இருந்ததாம்.

கடைசியில பேரைச் சொன்னாங்க: ஏ.டி.ஹெச்.டி. தமிழ்ல கவனக்குறைவு மிகை இயக்கக் குறைபாடு. பேரே மூச்சு வாங்க வைக்குதுல்ல?

அதுக்கப்புறம் டாக்டரம்மா கேட்ட கேள்விதான் இந்தப் பதிவுக்குக் காரணம். தங்கமணி பக்கம் திரும்புவாங்கன்னு நினைச்சேன். என் பக்கம் திரும்பினாங்க. "சார், நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து நீங்க மூணு தடவை பேனாவைக் கழட்டி மாட்டிட்டீங்க. சின்ன வயசுல நீங்க எப்படி?"

கையில பார்த்தேன். பேனாவோட ஸ்பிரிங் என் மடியில கிடக்கு.

இங்க கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். எங்க வீடு நாகல் நகர் பக்கம். அப்பா பூட்டுப் பட்டறைக்காரர். திண்டுக்கல் பூட்டைப் பத்தி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. மாங்காய்ப் பூட்டு, மணிப் பூட்டுன்னு எல்லாமே கையால அரம் போட்டுச் செய்யறது. நான் அஞ்சாவது படிக்கையில வாத்தியார் என்னை பெஞ்சு காலோட துண்டு போட்டுக் கட்டி வச்சிருக்கார். கணக்கு மனசுலயே போட்டுருவேன், பேப்பர்ல எழுதறதுக்குள்ள பாதியில விட்டுட்டு ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருப்பேன். பன்னெண்டாவதுல தப்பிச்சேன், காலேஜ்ல ரெண்டு அரியர், முதல் அஞ்சு வருஷத்துல நாலு வேலை. இன்னிக்கும் கரண்ட் பில்லு கடைசி நாள் தாண்டித்தான் கட்டுவேன். இதையெல்லாம் "நமக்கு சோம்பேறித்தனம் ஜாஸ்தி"ன்னு ஒரு வரியில முடிச்சு வச்சிருந்தேன். அவ்வளவு வருஷமா என்னை நானே திட்டிக்கிட்ட வரி அது.

டாக்டரம்மா சொன்னதையும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் எனக்குப் புரிஞ்ச அளவுல சொல்றேன். நான் டாக்டர் இல்ல, மில்லுல கணக்கு எழுதறவன். தப்பு இருந்தா திருத்துங்க.

இது செல்போன் காலத்து வியாதி இல்ல. 1902-லயே லண்டன்ல ஜார்ஜ் ஸ்டில்னு ஒரு குழந்தை மருத்துவர், புத்தி நல்லா இருந்தும் தன்னைத் தானே அடக்கிக்க முடியாத குழந்தைகளைப் பத்திச் சொற்பொழிவே செஞ்சிருக்கார். அப்ப ஏது டச் ஸ்கிரீன்? இனிப்பு சாப்பிட்டா வரும்ங்கறதும் கட்டுக்கதைதான், சோதிச்சுப் பார்த்துட்டாங்க. (மாமா, உங்க காதுக்கு!)

அப்புறம் எங்கிருந்து வருது? இதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்காரங்க இரட்டையர்களைத் தேடிப் போனாங்க. ஒரே மாதிரி இரட்டையர்களுக்கு ஜீன் கிட்டத்தட்ட அச்சு அசலா ஒண்ணு. வேற மாதிரி இரட்டையர்களுக்குச் சராசரியா பாதிதான் ஒண்ணு, சாதாரண அண்ணன் தம்பி மாதிரி. ரெண்டு ஜோடியும் ஒரே வீடு, ஒரே சோறு, ஒரே அடி உதை. வளர்ப்புதான் காரணம்னா ரெண்டு வகை ஜோடியிலயும் ஒரே அளவுக்கு ஒத்துப் போகணும். போகலை. ஒரே மாதிரி இரட்டையர்கள்ல ஒருத்தருக்கு இருந்தா இன்னொருத்தருக்கும் இருக்கறது ரொம்ப அதிகமா இருந்தது. இப்படிச் செஞ்ச 37 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பரம்பரைத் தன்மை சராசரியா 74 சதவீதம்னு 2019-ல ஒரு கட்டுரை சொல்லுது. தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளைப் பார்த்தாலும் அதேதான்: வளர்த்தவங்களைவிடப் பெத்தவங்ககிட்டதான் இந்தக் குணம் அதிகமா இருந்தது.

இந்த 74-ஐப் பார்த்து நான் முதல்ல தப்பா புரிஞ்சுக்கிட்டேன். ஜூனியரோட சேட்டையில நூத்துக்கு 74 பங்கு என்னோடதுன்னு அர்த்தம் இல்லையாம். ஊர்ல நூறு குழந்தைங்க இருந்தா, அவங்களுக்குள்ள ஏன் இவ்வளவு வித்தியாசம்ங்கறதுல முக்கால்வாசியை ஜீன் வித்தியாசம் விளக்குதுன்னுதான் அர்த்தம். உயரம் மாதிரி. அப்பா அம்மா நெட்டைன்னா பிள்ளையும் நெட்டையா இருக்க வாய்ப்பு அதிகம், ஆனா எழுதி வச்ச விதி இல்ல.

அடுத்து, ஒத்தை ஜீன் சமாச்சாரமும் இல்ல. 1990-கள்ல மூளையில டோபமைன்ங்கற ரசாயனத்தோட சம்பந்தப்பட்ட ரெண்டு ஜீன்களைப் பிடிச்சாங்க. டி.ஆர்.டி.4, டாட்1னு பேரு. நம்ம நாட்டுலயும் கொல்கத்தா மனோவிகாஸ் கேந்திராவுல இந்தக் குழந்தைங்களோட குடும்பங்கள்ல இந்த ஜீன்களை ஆராய்ஞ்சிருக்காங்க. கடைசியில பார்த்தா ஒவ்வொண்ணோட பங்கும் துளியூண்டுதான். அப்புறம் மொத்த மரபணுவையும் சலிச்செடுக்கற பெரிய ஆய்வுகள் வந்தது. 2019-ல வெளியானதுல குறைபாடு உள்ளவங்க 20,183 பேர், இல்லாதவங்க 35,191 பேர். 12 இடங்கள் பிடிபட்டுச்சு. 2023-ல 38,691 பேரையும் 1,86,843 பேரையும் ஒப்பிட்டதுல அது 27 இடமாச்சு. இன்னும் ஆயிரக்கணக்குல இருக்கும்ங்கறாங்க. பரிசோதிக்கப்பட்டவங்க பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக்காரங்க, அதனால நம்ம ஜனங்களுக்கு இதுல எது எவ்வளவு பொருந்தும்ங்கறது பாக்கி வேலை.

எங்க ஊரு பாஷையில சொல்றேன். திண்டுக்கல் வெங்காய மார்க்கெட்டுல தராசைப் பார்த்திருப்பீங்க. சின்ன வெங்காயத்தை அள்ளி அள்ளிப் போடுறாங்க. ஒரு கட்டத்துல தட்டு சாயுது. சாய வச்சது எந்த வெங்காயம்னு கேட்டா என்ன சொல்லுவீங்க? எல்லாமும்தான். ஒவ்வொரு மனுஷன் தட்டுலயும் கொஞ்சம் வெங்காயம் இருக்கு, உங்க தட்டு, என் தட்டு, மூலையில உக்கார்ந்து ஒழுங்கா வீட்டுப்பாடம் எழுதுற பக்கத்து வீட்டுப் பாப்பா தட்டு எல்லாத்துலயும். சிலருக்குத் தட்டு தரையைத் தொடுது. குறைமாசத்துல பிறக்கறது, எடை கம்மியா பிறக்கறது, ஈயம் உடம்புல சேர்றது இதெல்லாம் தட்டுல விழுற வேற கல்லுங்க. ஏழாம் மாசத்துல பஸ்ல வேலைக்குப் போனது அந்த லிஸ்ட்ல இல்ல. டாக்டரம்மா இதைச் சொன்னப்ப தங்கமணி கர்ச்சீப்பைத் தேடினாங்க.

"அப்ப இது இவங்ககிட்ட இருந்தா, என்கிட்ட இருந்தா?"ன்னும் கேட்டுட்டாங்க. "ஆளுக்குப் பாதி ஜீன் குடுத்திருக்கீங்க. உங்க கையில இருந்து கொஞ்சம், அவர் கையில இருந்து கொஞ்சம். அவர் பக்கம் கொஞ்சம் கூட விழுந்திருக்கலாம். யாரும் பார்த்துப் பார்த்துப் போடலையேம்மா"ன்னாங்க.

அம்மாவோட "சொந்தத்துல எடுத்திருந்தா" வசனத்தையும் கேட்டு வச்சேன். டாக்டரம்மா சிரிச்சாங்க. சொந்தத்துக்குள்ள கல்யாணம் பண்ணா, ரெண்டு பக்கமும் ஒளிஞ்சிருக்கற ஒரே பழுதான ஜீன் பிள்ளைகிட்ட ஜோடி சேர்ற ஆபத்து கூடும். சில வகைக் காது கேளாமை, சில ரத்த நோய்கள் அப்படி. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டுல நூத்துக்கு 28 கல்யாணம் சொந்தத்துக்குள்ளதான் நடந்திருக்கு, அதனால இது சின்ன விஷயம் இல்ல. ஆனா ஏ.டி.ஹெச்.டி. அந்த ஜாதி நோய் இல்ல. அசல்ல எடுத்ததாலயும் இது வராது, சொந்தத்துல எடுத்திருந்தா தப்பிச்சிருக்கவும் முடியாது.

மூளையில என்னதான் நடக்குது? 2007-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு, குழந்தைகளோட மூளையை வருஷக் கணக்குல படம் எடுத்துப் பார்த்தாங்க. மூளையோட மேலடுக்கு உச்ச தடிமனை எட்டுற சராசரி வயசு மத்த குழந்தைகளுக்கு ஏழரை. இவங்களுக்குப் பத்தரை. அதே பாதைதான், மூணு வருஷம் லேட். அதிலயும் "பொறு, யோசி, அப்புறம் ஓடு"ன்னு சொல்ற முன்பக்கம்தான் அதிகம் லேட். "தெரியறதுக்குள்ள கால் ஓடிருது"ன்னு ஜூனியர் சொன்னானே, ஆராய்ச்சிக் கட்டுரை எழுதறவங்க இதைவிட நல்லா எழுத முடியாது. அன்னிக்கு ரோட்டுல நான் அடிச்சது, இன்னும் வந்து சேராத பிரேக்குக்காக.

எனக்கும் தனியா சோதிச்சுப் பார்த்தாங்க. இருக்கு. நாப்பத்தோரு வயசுல மார்க் ஷீட் வாங்கின மாதிரி இருந்தது. சந்தோஷமா, துக்கமான்னு தெரியலை.

இப்ப அம்மாகிட்ட சொல்லணும். அதுதான் பெரிய வேலை.

ஒரு ஞாயித்துக்கிழமை, பரண்ல இருந்து பழைய தகரப் பெட்டியை இறக்கினேன். என் ரேங்க் கார்டெல்லாம் அம்மா அதுலதான் வச்சிருந்தாங்க. அஞ்சாம் வகுப்பு கார்டுல வாத்தியார் எழுத்து: "அறிவு உண்டு, அடக்கம் இல்லை." ஜூனியர் டைரியைப் பக்கத்துல வச்சு ரெண்டையும் சத்தமாப் படிச்சேன். "அம்மா, நம்ம வம்சத்துல இருக்கு. எனக்கே இருக்கு. அவளைச் சொல்லாதே"ன்னேன்.

அம்மா ரொம்ப நேரம் பேசலை. பெட்டிக்குள்ள கையை விட்டு ஒரு மாங்காய்ப் பூட்டை எடுத்தாங்க. அப்பா செஞ்சது, பாதியில நின்னது. அப்பா கையில அப்படி ஒரு வித்தை. ஒரு பூட்டு மனசுக்குப் பிடிச்சிட்டா ராத்திரி பூரா அரத்தோட உக்கார்ந்திருப்பார், பக்கத்துல இடி விழுந்தாலும் தெரியாது. ஆனா அது முக்கால்வாசி முடிஞ்சதும் அடுத்த யோசனை வந்துரும். முன்பணம் குடுத்தவங்க வாசல்ல வந்து நிப்பாங்க. ஊருக்கெல்லாம் பூட்டு செஞ்ச மனுஷன் வீட்டுச் சாவியை வாரம் ஒருக்காத் தொலைப்பார், எங்க வீட்டுக்குப் பூட்டே போடறதில்ல. கேட்கச் சிரிப்பா இருக்கும். அம்மாவுக்கு அது சிரிப்பில்ல. தாலிக்கொடி ரெண்டு தடவை அடகுக்குப் போயிருக்கு. பொறுப்பில்லாத மனுஷன்னு முப்பது வருஷம் திட்டித் திட்டியே வாழ்ந்தாங்க. திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது 2019-ல. அப்ப அப்பா இல்ல.

பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு அம்மா கேட்டாங்க: "அப்ப, அந்த மனுஷன் வேணும்னு செய்யலையா?"

செத்துப் போனவங்களுக்கெல்லாம் நோய்ப் பேரு வைக்க முடியாதுன்னு டாக்டரம்மா முன்னாடியே சொல்லியிருந்தாங்க. அதனால, "தெரியாதும்மா. ஆனா வேணும்னு செஞ்சிருக்க மாட்டார்னுதான் எனக்குத் தோணுது"ன்னேன். அம்மா அழலை. பூட்டை முந்தானையில துடைச்சாங்க. "தெரிஞ்சிருந்தா அவ்வளவு பேசியிருக்க மாட்டேன்"ன்னு மட்டும் சொன்னாங்க. பிறகு மெதுவா, "உங்க அக்காவையும்தான்"ன்னாங்க.

அக்கா. எனக்கு மூணு வயசு மூத்தவ. ஓடலை, கத்தலை, எதையும் உடைக்கலை. கிளாஸ்ல உக்கார்ந்து எங்கயோ பார்த்துக்கிட்டு இருப்பா. "மக்கு"ன்னு முடிவு பண்ணி எட்டாவதோட நிறுத்தி, பிறகு வேடசந்தூர் பக்கம் நூல் மில்லுக்கு அனுப்பிட்டாங்க. ஏ.டி.ஹெச்.டி.யில ஓட்டமே இல்லாம கவனம் மட்டும் நழுவுற வகை ஒண்ணு இருக்கு. பொண்ணுங்ககிட்ட அதை நிறைய பேர் கவனிக்கறதே இல்ல, யாருக்கும் தொந்தரவு தராததால. ஒரு குழந்தைக்கு இருந்தா அதோட அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்களுக்கும் இருக்கற வாய்ப்பு மத்தவங்களைவிடப் பல மடங்கு அதிகம். அக்காவுக்கு இருந்ததான்னு இனி யார் சொல்ல முடியும்? போன் பண்ணிப் பேசினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அப்ப நான் மக்கு இல்லையாடா?"ன்னா. நாப்பத்தி நாலு வயசுல கேட்கறா.

இந்த மூணு பேரு கேள்விக்காகத்தான் இந்தப் பதிவு. ஜூனியர், அம்மா, அக்கா.

இனி நடைமுறை. பரம்பரைன்னா மாத்தவே முடியாதுன்னு அர்த்தம் இல்ல. கிட்டப்பார்வையும் பரம்பரையாத்தான் வருது, கண்ணாடி போட்டா போர்டு தெரியுதுல்ல? ஜூனியருக்கு மாத்திரையும் உண்டு, பயிற்சியும் உண்டு. மீதைல்ஃபெனிடேட்ங்கற மருந்து. அது ஷெட்யூல் எக்ஸ் பட்டியல்ல இருக்கறதால எல்லா மெடிக்கல்லயும் கிடைக்காது. டாக்டர் சீட்டு ரெண்டு பிரதி வேணும், ஒண்ணைக் கடைக்காரர் வச்சுக்குவார். மதுரைக்குப் போகும்போதே வாங்கிட்டு வந்துடறோம். பசி குறையும்னாங்க, குறைஞ்சது. எடையும் உயரமும் ஒழுங்காப் பார்த்துக்கிட்டே இருக்கணும். மருந்து வேணுமா வேணாமாங்கறது ஒவ்வொரு குழந்தைக்கும் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது, என் பதிவைப் பார்த்து முடிவு எடுக்காதீங்க. ஆறு வயசுக்குக் கீழன்னா முதல்ல பெத்தவங்களுக்குப் பயிற்சிதான்.

ஆமாங்க, பயிற்சி எங்களுக்குத்தான். ஒரே நேரத்துல மூணு வேலை சொல்லக்கூடாது. "குளிச்சு, டிரஸ் போட்டு, பையை எடுத்துட்டு வா"ன்னா குளியலோட நின்னுரும். ஒண்ணு சொல்லி, முடிஞ்சதும் அடுத்தது. நல்லது செஞ்சா அந்த நிமிஷமே பாராட்டணும், சாயங்காலம் சொன்னா அவனுக்கு அது வேற யாருக்கோ சொல்ற மாதிரி. வீட்டுப்பாடம் பத்து நிமிஷம், ஒரு ஓட்டம், மறுபடி பத்து நிமிஷம். இதுல சிக்கல் என்னன்னா, ஒழுங்கு வேணும்னு சொல்லிக்கொடுக்க வேண்டிய அப்பனுக்கும் ஒழுங்கு கிடையாது. அவ்வ்வ். அதனால சமையலறைச் சுவத்துல ஒரு சார்ட், அதுல ரெண்டு பேருக்கும் கட்டம். கரண்ட் பில் என் கட்டத்துல இருக்கு. ஜூனியர்தான் டிக் அடிக்கறான். கறாரான ஆபீசர்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிடறேன். ஜீன் டெஸ்ட் எடுத்து ஏ.டி.ஹெச்.டி. இருக்கா இல்லையான்னு சொல்றோம்னு யாராவது காசு கேட்டா குடுக்காதீங்க. அப்படிச் சொல்ற டெஸ்ட் இன்னிக்கு இல்ல. குழந்தையைப் பார்த்து, வீட்டையும் ஸ்கூலையும் கேட்டு, பொறுமையா முடிவு செய்யறதுதான் வழி.

ஸ்கூலை மாத்திட்டோம். புது ஸ்கூல் மிஸ் அவனை முதல் பெஞ்சுல உக்கார வச்சு, கரும்பலகை துடைக்கற வேலையை அவனுக்கே குடுத்துட்டாங்க. எழுந்து நடக்க ஒரு சாக்கு. எல்லா ஊர்லயும் இப்படி ஒரு மிஸ் கிடைக்கறது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததா இருக்கக்கூடாது. கோயமுத்தூர்ல 770 ஆரம்பப் பள்ளிக் குழந்தைகளைப் பார்த்த ஒரு ஆய்வு 2013-ல வந்தது, அதுல நூத்துக்கு 11 பேருக்கு மேல இந்தக் குறைபாடு இருந்தது. மத்த கணக்குகள் இதைவிடக் கம்மியா, நூத்துக்கு அஞ்சுன்னு சொல்லுது. அஞ்சுன்னே வச்சுக்குங்க. நாப்பது பேர் கிளாஸ்ல ரெண்டு பேர். ஆனா 2016 மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டத்துல இருக்கற 21 வகைப் பட்டியல்ல கற்றல் குறைபாடு இருக்கு, ஏ.டி.ஹெச்.டி.க்குன்னு தனி வரி இல்ல. அந்த ரெண்டு பேருக்கும் தினமும் சிவப்பு மைதான் கிடைக்குது.

எல்லாம் சரியாயிடுச்சுன்னு பொய் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட கடையில ஒரு கண்ணாடி ஜாடி போச்சு. ரோட்டைக் கடக்கையில இன்னிக்கும் மணிக்கட்டை இறுக்கிப் பிடிக்கறேன், விரலைப் பிடிக்கறதில்ல. ஆனா கை ஓங்கலை. அவனுக்கு அன்னிக்குச் சொல்ல முடியாத பதிலையும் சொல்லிட்டேன்: "நீ ஏன் இப்படி இருக்கேன்னா, நான் அப்படி இருந்ததாலடா. உன் தப்பில்ல. ரெண்டு பேரும் சேர்ந்து கத்துக்குவோம்." "நீயும் ஓடுவியாப்பா?"ன்னு கேட்டான். கட்டி வச்ச கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் சிரிச்சான்.

நேத்து சாயங்காலம் அம்மா அந்தப் பாதிப் பூட்டை ஜூனியர் கையில குடுத்தாங்க. பத்து நிமிஷம் அசையாம உக்கார்ந்து, ஒவ்வொரு லீவரா கழட்டித் தரையில பரப்பி வச்சான். அதுல ஒரு ஸ்பிரிங்கை அதுக்குள்ள தொலைச்சும் விட்டான். கட்டிலுக்கு அடியில டார்ச் அடிச்சுத் தேடிக்கிட்டே அம்மா தங்கமணிகிட்ட சொல்றாங்க: "பாரு, அச்சு அசல் அவங்க தாத்தாதான்."

எட்டு வருஷத்துல முதல் தடவையா, அதைக் குறையாச் சொல்லலை.

பி.கு: உங்க வீட்டுல, உங்க கிளாஸ்ல இப்படி ஒரு ஜூனியர் இருந்தா, திட்டறதுக்கு முன்னாடி ஒரு டாக்டரைப் பாருங்க. அப்படியே உங்க பழைய ரேங்க் கார்டையும் ஒரு தடவை எடுத்துப் படிங்க. ஸ்பிரிங் இன்னும் கிடைக்கலை.